கரடிக் கப்பலில் மிஸ்டர் ஜெயின்

2005ஆம் ஆண்டு மே மாதத்து நாட்குறிப்பில், கப்பலேறிய நாளுக்குரிய பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "மலாக்கா நீரிணை. அலை இல்லை. இரவு உணவில் ரசமும் இல்லை. செந்திலுக்கு இருமுறை கைதட்டல்." கடைசி வாக்கியத்தை மட்டும் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறேன். அதன் தடம் மறுபக்கத்திலும் தெரிகிறது.

செந்தில் என் சகலை. என் மனைவி கோமதியின் தங்கை வடிவின் கணவர், கோயம்புத்தூர்க்காரர். கணினி வேலையில் புனேவுக்கு வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதற்குள் கோந்த்வாவில் மூன்று படுக்கையறை வீடு, வெள்ளை நிறக் கார், மாடியில் குரோட்டன்ஸ் தொட்டிகள். நான் திருநெல்வேலியிலிருந்து வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. நிக்டியில் ஒரு படுக்கையறையும் கூடமும் உள்ள வீடு. எங்கள் ஒரே மகள் மதி கூடத்தில்தான் படுப்பாள், கூடத்தில்தான் படிப்பாள். அந்த மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்திருந்தாள். மகாராஷ்டிரத்தில் பதினொன்றும் பன்னிரண்டும் கல்லூரியில்தான்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பி பினாங்குவரை போய்த் திரும்பும் அந்தக் கப்பல் முழுக்க ஒரு கரடியின் ராஜ்ஜியம். கேப்டன் தொப்பி போட்ட கார்ட்டூன் கரடி. லிஃப்ட் கதவில் கரடி, தலையணை உறையில் கரடி, வெண்ணெய்க் கட்டியின் மேல் கரடியின் கால்தடம். செந்திலின் ஆறு வயது மகள் நிலா தொலைக்காட்சியில் அந்தக் கரடி வந்தால்தான் சாப்பிட வாயைத் திறப்பாள் என்பதால் பயணத்தைத் தேர்ந்தெடுத்தவர் செந்தில். எங்களையும் வரச் சொன்னவரும் அவரே. "அண்ணி, நாம எல்லாருஞ் சேந்து ஒருக்கா கடல்ல போயிட்டு வருவோமுங்க" என்று அவர் சொன்ன மறுநிமிடமே கோமதி சூட்கேஸைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பக்கத்து மலையூரான லோனாவளா போகலாம் என்று சொன்னபோதெல்லாம் அந்தச் சூட்கேஸ் அலமாரிக்கு மேலிருந்து இறங்கியதே இல்லை.

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. திரைச்சீலை மட்டும் இருந்தது. கோமதி ஆசையோடு அதை விலக்கினாள். பின்னால் சுவர், சுவரில் தொலைநோக்கியோடு நிற்கும் கரடியின் படம். செந்திலின் அறைக்குப் பால்கனி. அங்கே இரண்டு நாற்காலி, நடுவில் சின்ன மேசை, அதற்கப்பால் அசல் கடல். மதி எங்கள் அறையில் பையை வைத்துவிட்டு அங்கே போனவள், கப்பல் நகர்ந்ததைக்கூட அங்கிருந்துதான் பார்த்தாள். நான் கரடியோடு இருந்தேன்.

அடுத்து நடந்தது முழுக்க என் பிழை. எங்கள் ஆலை கேன்டீனில் தேஷ்பாண்டே என்றொரு நண்பர். கப்பலில் மீனும் சைவம்தான் என்று பயமுறுத்தியவர் அவர். "படிவத்தில் 'வெஜ்' என்று எழுதாதே. 'ஜெயின்' என்று எழுது. முட்டை உன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது" என்றார். புனேயில் இது பலரும் நம்பும் உபாயம். சமணர்கள் முட்டை மட்டுமல்ல, வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்குகூடச் சாப்பிடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு நாள் வெங்காயம் இல்லாவிட்டால் என்ன என்று நினைத்தேன். செந்தில் எல்லோருக்கும் 'இந்திய சைவம்' என்று எழுதியிருந்தார். நான் என்னுடையதை மட்டும் அடித்துத் திருத்தினேன். கோமதி தனக்குத் திருத்த வேண்டாம் என்றாள். "செந்தில் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அந்த வாக்கியத்தையும் குறித்து வைத்திருக்கிறேன்.

முதல் நாள் மாலை, வெயில் இன்னும் தளத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அறைத் தொலைபேசி ஒலித்தது. மிஸ்டர் ஜெயினுக்கு இரவு உணவு தயார் என்றது ஒரு குரல். அப்படி யாரும் இல்லை என்றேன். அறை எண் சரிதான் என்றது குரல்.

உணவுக்கூடத்தில் ஒரு மூலை முழுக்க புனேயிலிருந்தும் சூரத்திலிருந்தும் வந்த குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள். பரிமாறும் பெண் பிலிப்பைன்ஸ்காரி, மார்பில் ஜாய் என்று பெயர்ப் பட்டை. நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டு, "கேம் சோ, மிஸ்டர் ஜெயின்" என்று குஜராத்தியில் நலம் விசாரித்தாள். வாழைக்காய்க் கூட்டு, தக்காளி சேர்த்த பருப்பு, மெல்லிய ரொட்டி. ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் என் குடும்பம் எங்கே என்று கேட்டேன். அவர்களுக்கு இரண்டாவது பந்தி, கரடியின் ஆட்டத்தோடு, என்றாள் ஜாய். சமண விருந்தினர்கள் சூரியன் மறையும் முன் சாப்பிடுவார்கள் என்பதால் அவர்களுக்கு மட்டும் முதல் பந்தி.

எதிரே இருந்தவர் புனே லக்ஷ்மி ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ஷா. கைகூப்பி, நான் இருக்கும் இடத்தை விசாரித்துவிட்டு, நிக்டியில் எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். முருகன் கோயிலுக்கு என்று வாய் வரை வந்ததை ரொட்டியோடு விழுங்கினேன். வேலைப் பளு, கோயிலுக்குப் போக நேரமில்லை என்றேன். அவர் மனைவி அனுதாபத்தோடு என் தட்டில் இன்னொரு கரண்டி வாழைக்காய் வைத்தார்.

இரண்டாவது பந்திக்குக் குடும்பத்தோடு போய் உட்கார்ந்தேன். சின்ன வெங்காய சாம்பாரின் வாசனை வந்தது. உருளைக்கிழங்கு வறுவல் வந்தது. கப்பலில் ஒரு மதுரைச் சமையல்காரர் இருக்கிறாராம், செந்தில் அதற்குள் அடுப்படிவரை போய் அவரோடு பேசிவிட்டு வந்திருந்தார். நான் தட்டை நகர்த்தினேன். ஜாய் ஓடி வந்து தட்டை மெதுவாக எடுத்துக்கொண்டாள். வட்ட ஜன்னலுக்கு வெளியே இருட்டைக் காட்டி, "நோ சன், மிஸ்டர் ஜெயின்" என்றாள். என் தர்மத்தை என்னிடமிருந்தே காப்பாற்றும் உறுதி அவள் முகத்தில் இருந்தது.

"யாருங்கண்ணா மிஸ்டர் ஜெயின்?" என்றார் செந்தில்.

சொன்னேன். மேசையே சிரித்தது. மதிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் மகளை நான் அப்படிச் சிரிக்க வைத்துப் பல வருடம் ஆகியிருந்தது. அதுவும் நான் சொன்ன விதத்தால் அல்ல, செந்தில் கேட்ட விதத்தால்.

"விடுங்கண்ணா, நான் சொல்லி மாத்திப்போடறேன்."

"வேண்டாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், செந்தில் மாற்றிக்கொடுத்த சாம்பாரை என்னால் சாப்பிட முடிந்திருக்காது. வெந்நீர் மட்டும் கேட்டேன். அதை ஜாய் அனுமதித்தாள்.

அப்போதுதான் கரடி வந்தது. பரிமாறுகிறவர்கள் எல்லோரும் கைக்குட்டையைத் தலைக்குமேல் சுழற்றியபடி வரிசையாக வந்தார்கள். கரடி மேசை மேசையாகப் போய் ஒருவரை ஆட இழுத்தது. எங்கள் மேசையில் செந்திலை. அவர் ஆடியதை நடனம் என்று சொல்ல முடியாது, வேலியைத் தாண்டும் ஆடு போல இருந்தது. முதல் கைதட்டல். திரும்பி வந்து மூச்சு வாங்கியபடி, "இந்தக் கடல்லதானுங்க ராஜராஜ சோழன் கப்பலை ஓட்டிட்டு வந்து கடாரத்தைப் புடிச்சான்" என்று பக்கத்து மேசை மராத்திக் குடும்பத்துக்கும் கேட்கும்படி ஆங்கிலத்திலும் சொன்னார். இரண்டாவது கைதட்டல்.

"ராஜேந்திரன்" என்றேன். "ராஜராஜன் இல்லை, அவர் மகன்."

"அப்பனுக்கும் மகனுக்கும் என்னங்கண்ணா, சொத்து ஒண்ணுதானே" என்றார் அவர். மறுபடி சிரிப்பு. பக்கத்து மேசையில் மராத்தியில் ஒருவர் தன் மனைவியிடம், "பார், இவர்களுக்குத் தங்கள் ராஜாக்களைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறது" என்று சொல்வது காதில் விழுந்தது.

சிரிப்பு அடங்கியதும் வடிவு என் பக்கம் திரும்பினாள். "அத்தான், ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மதி காலேஜு எங்க வீட்டுக்குக் கிட்ட, கேம்ப் ஏரியாவுலதான் கெடைக்கும்னு அக்கா சொல்லுதா. நிக்டியில இருந்து டெய்லி ரெண்டு பஸ்சு, ஒரு ரயிலு. பிள்ளை எங்க வீட்ல இருந்து படிக்கட்டுமே. ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு."

கோமதி என்னைப் பார்க்கவில்லை. அவர்களுக்குள் ஏற்கெனவே பேசி முடித்த விஷயம் என்று புரிந்தது. மதி ஐஸ்கிரீம் கரண்டியைக் கோப்பையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பார்ப்போம்" என்றேன்.

"ஊருக்குப் போறதுக்குள்ள சொல்லிருங்க அத்தான். ரூமுக்குப் பெயின்ட் அடிக்கணும்."

மறுநாள் முழுவதும் கடலில். சாப்பாடு என்ற ஒன்று அந்தக் கப்பலில் முடிவதே இல்லை. காலைப் பந்தி முடிந்து பெஞ்சில் உட்கார்ந்தால், தளத்தில் பான்கேக் சுடுகிறார்கள். பன்னிரண்டு ஆகுமுன் நூடுல்ஸ் வாணலி சிணுங்குகிறது. நம் ஊர் ரயிலில் பொட்டலத்தைப் பிரிக்க அடுத்த ஸ்டேஷன் வரட்டும் என்று காத்திருப்போமே, அந்தச் சுகம் இங்கே கிடையாது. புனேயிலிருந்து வந்த மராத்திச் சுற்றுலாக் குழுவின் பெண்மணி ஒருவர், தட்டில் ஆறுவகைக் கேக்கை அடுக்கிக்கொண்டு, "இத்தனை இருக்கிறது, ஒரு தட்டு அவல் உப்புமா வைக்கத் தெரியவில்லை" என்று தன் தோழியிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

மத்தியானம் குடும்ப வினாடி வினா. இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். வரலாறு, பூகோளம், கப்பலின் நீளம், எதையும் விடுவதாக இல்லை. ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்று ஜோடியாகச் சேர வேண்டும். நான் மதியைத் தேடித் திரும்பினால், அவள் செந்திலின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இருவர் தலையிலும் காகிதத்தால் ஆன கரடிக் காது. எனக்கு மிஞ்சியது நிலா.

கேள்விகள் எல்லாம் கரடியைப் பற்றியவை. கரடிக்குப் பிடித்த பழம், கரடியின் படகுக்குப் பெயர். நிலா ஒவ்வொன்றையும் என் காதில் சொன்னாள், நான் எழுதினேன். நாங்கள் முன்னணியில் இருந்தோம் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். கடைசிக் கேள்வி: கரடியின் தொப்பியில் எத்தனை கோடுகள்?

"நாலு, பெரியப்பா" என்றாள் நிலா.

எதிர்ச்சுவரில் ஆளுயரப் படம் இருந்தது. எண்ணினேன். மூன்றுதான். மறுபடி எண்ணினேன்.

"மூணுதாம்மா. நீயே பாரு."

"நாலு. ஒண்ணு அதோட காதுக்குப் பின்னாடி இருக்கும்."

கண்ணால் கண்டதை விட்டு ஆறு வயதுப் பிள்ளையின் சொல்லை எப்படி எழுதுவது? மூன்று என்று எழுதினேன். நான்கு என்று எழுதிய செந்திலும் மதியும் ஜெயித்தார்கள். செந்தில் குருட்டாம்போக்கில் எழுதியதாக அவரே பிறகு சொன்னார். மதி அவர் முதுகில் தட்டி, "மஸ்த், சித்தப்பா" என்று மராத்தியில் பாராட்டினாள். நிலா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. என் மேலதிகாரிகள் சிலர் என்னை அப்படிப் பார்த்திருக்கிறார்கள்.

அன்று மாலை முதல் பந்தியில் ஷா தன் பையிலிருந்து காக்ரா என்ற மொறுமொறு ரொட்டியை எடுத்து உடைத்து எனக்குப் பாதி கொடுத்தார். கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "நீங்கள் எங்களவர் இல்லை, சரிதானே?" என்றார் இந்தியில்.

"எப்படித் தெரியும்?"

"முதல் நாளே தெரியும். பருப்பு வந்ததும் அதில் வெங்காயம் தேடினீர்கள். ஆனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலி மேசையையே பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறீர்களே, அது ஏன்?"

அது இரண்டாவது பந்தியில் எங்கள் குடும்பம் உட்காரும் மேசை. செந்தில் மடித்து வைத்திருந்த கைக்குட்டைக் கரடி அதன் மேல் இருந்தது. ஷா தன் பாதி காக்ராவையும் என் பக்கம் நகர்த்தினார்.

பினாங்கில் கப்பல் நின்ற அன்று ஒரு தீர்மானத்தோடு எழுந்தேன். மதியைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், தமிழர் கடைத்தெருவில் இட்லி வாங்கிக்கொடுப்பது. இரண்டு நாளாக என் வாயில் படாத சாம்பார் எனக்கும் வேண்டியிருந்தது. கோமதியும் வடிவும் கடைகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். செந்தில் நிலாவை நீச்சல் குளத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியில், "அங்கயா போறீங்க? பக்கந்தானுங்கண்ணா, நடந்தே போயிரலாம்" என்றார்.

செந்தில் பக்கம் என்றால் தூரம் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம். பஸ் ஏறினோம்.

பஸ் கடலை விட்டு விலகிப் போனது. பிறகு ஒரு குன்றை நோக்கிப் போனது. வழிகாட்டிப் புத்தகத்தின் வரைபடத்தை நான் ஒருபுறம் திருப்ப, பஸ் மறுபுறம் திரும்பியது. புனே முனிசிபல் பஸ்ஸில் இவ்வளவு நேரத்தில் யாராவது ஒருவர் எங்கே போக வேண்டும் என்று கேட்டு, நாலு பேர் நாலு வழி சொல்லியிருப்பார்கள். இங்கே எல்லோரும் அமைதியாக இருந்தார்கள்.

மதி ஜன்னல் ஓரம். "அப்பா, ஒண்ணு சொல்லவா? ராகப் படக்கூடாது."

ராக் என்றால் மராத்தியில் கோபம். "சொல்லு" என்றேன்.

"எனக்கு சித்தி வீட்டுக்குப் போணும்."

"தனி ரூமுக்காகவா?"

"ரூம் பி இருக்கு. கம்ப்யூட்டர் பி இருக்கு. ஆனா அது இல்ல." 'பி' என்றால் இந்தியில் 'கூட'. சொல்லைத் தேடினாள். அவளுக்குத் தமிழ் அப்படித்தான், பாதி வழியில் நின்று ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். "சித்தப்பா எல்லாம் தப்பு தப்பா பேசறார். அப்போ நானும் தப்பா பேசலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நம்ம வீட்ல உங்ககிட்ட ஒண்ணு சொல்றதுக்கு முன்னாடி நான் மனசுல ஒரு வாட்டி செக் பண்றேன். ஓரல்ஸ் மாதிரி இருக்கு, அப்பா."

வாய்மொழித் தேர்வைப் புனேப் பள்ளிப் பிள்ளைகள் ஓரல்ஸ் என்பார்கள். ஓரல்ஸுக்கு இருபது மதிப்பெண்தான், தோற்றாலும் பெரிய பாதகமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் ஒரு திருத்தம்தான் என்று தோன்றவே, ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ரம்புத்தான் பழங்களை ஒருவர் குவித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"செந்தில் சித்தப்பாவும் அப்படி ஒண்ணும்…" என்று ஆரம்பித்தேன்.

"பாருங்க" என்றாள் மதி.

முன்னிருக்கையில் பை நிறையக் கீரையோடு உட்கார்ந்திருந்த தமிழ் அம்மாள் அப்போதுதான் திரும்பினார். இவ்வளவையும் கேட்டிருக்கிறார். "ஐயா, நீங்க எங்க போவணும்?"

கடைத்தெரு பெயரைச் சொன்னேன்.

"அது கப்பல் நிக்கிற எடத்துக்குப் பக்கத்துலதானே. நடந்தே போயிருக்கலாமே லா. இந்த பஸ்சு மலைப் பக்கம், ஆயர் ஈத்தாமுக்குப் போவுது."

மதி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் என்னைக் கேலி செய்யவில்லை, சிரிப்பை அடக்கத்தான் அவ்வளவு பாடுபட்டாள். அடக்கியதுதான் எனக்கு வலித்தது. செந்திலாக இருந்தால் அடக்கியிருக்கமாட்டாள்.

இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் ஏறி, ஒரு வழியாகக் கடைத்தெருவை அடைந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. கடைக்காரர் மேசையைத் துடைத்தபடி, "வாங்க, பசியாறிட்டீங்களா?" என்றார். மதிக்கு அந்தச் சொல் புரியவில்லை. சாப்பிட்டாயா என்பதை இவர்கள் இப்படிக் கேட்கிறார்கள் என்றேன். "பசி ஆறுமா? சூடு ஆற மாதிரியா?" என்றாள். ஆமாம் என்றேன். இரண்டுமுறை சொல்லிப் பார்த்தாள். ர, ற இரண்டும் அவள் வாயில் ஒன்றுதான். திருத்த வேண்டும் போல நாக்கு துறுதுறுத்தது. இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். சின்ன வெங்காய சாம்பார். அதைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம், ஆனால் அன்று எனக்கு ருசி எதுவும் தெரியவில்லை என்பதே உண்மை.

அங்கிருந்து துறைமுகத்துக்கு நடந்தோம். செந்தில் சொன்னபடி பக்கம்தான். ஆனால் பஸ்ஸில் போன நேரம் போனதுதான். தூரத்திலேயே தெரிந்தது, கப்பலின் வாசலில் ஆள் நடமாட்டம் இல்லை, ஏணிப் பாலத்தின் அருகே சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு சிப்பந்திகள் நிற்கிறார்கள். அவர்கள் நடுவில் அரைக்கால் சட்டையோடு, ஈரத்தலையோடு செந்தில். ஓர் அதிகாரியிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் ஓடி வருவதைப் பார்த்ததும் அந்த அதிகாரி என்னை நோக்கித் தொப்பியைத் தொட்டு, "வெல்கம் பேக், புரொபசர்" என்றார்.

"என்னய்யா சொன்னீர்?" என்றேன் மூச்சிரைக்க.

"ஒண்ணுமில்லீங்கண்ணா. அண்ணன் பெரிய ஹிஸ்டரி புரபசருங்க, கடாரத்தைப் பத்திப் புத்தகம் எழுதறாருங்க, ஏதோ கல்வெட்டைப் பாத்துட்டு நின்னுருப்பாருங்கன்னு சொல்லிப்போட்டேன். கொஞ்சம் பொறுங்கன்னேன்."

"பினாங்கு முழுக்கக் கடாரம் ஆகிவிடாது" என்றேன்.

"செரிங்கண்ணா. மொதல்ல உள்ள ஏறுங்க."

நன்றி சொல்லவில்லை. நாட்குறிப்பிலும் எழுதவில்லை. என்னைப் புரபசர் என்று ஒருவர் அழைத்தது மனதுக்குப் பிடித்திருந்தது, அது செந்திலின் பொய்யால் வந்தது என்பது பிடிக்கவில்லை.

கடைசி மாலை விருந்து. எல்லோரும் நல்ல உடையில் வர வேண்டும் என்று கரடியின் உத்தரவு. ஷாவின் குடும்பத்தோடு வெளிச்சத்தில் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல வெந்நீரோடு எங்கள் மேசையில் உட்கார்ந்தேன். கோமதி மயில்கழுத்து நிறப் பட்டு உடுத்தியிருந்தாள். செந்தில் வேட்டி கட்டி வந்திருந்தார். அதைப் பார்த்த இரண்டு ஜப்பானியப் பாட்டிமார் அவரோடு புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் சூட்கேஸில் ஒரு வேட்டி வைத்திருந்தேன், கப்பலில் பொருந்தாது என்று கட்டவில்லை.

கைக்குட்டைகள் சுழன்றன. கரடி இந்த முறை மதியை இழுத்தது. அவள் செந்திலையும் இழுத்துக்கொண்டு போனாள். இருவரும் ஆடினார்கள். என் மகளுக்கு இவ்வளவு ஆடத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. நிக்டி வீட்டுக் கூடத்தில் சோபாவையும் என் புத்தக அலமாரியையும் போட்டபின் ஆட இடமில்லை.

வடிவு என் பக்கம் குனிந்தாள். "அத்தான், நாளைக்கு எறங்கிருவோம். இன்னும் ஒண்ணும் சொல்லல."

கோமதி என் கையைத் தொட்டாள். "ஏங்க, மனசில்லன்னா சொல்லிருங்க. பிள்ளை புரிஞ்சுக்கிடுவா. நான் பேசிக்கிடுதேன்."

மனசில்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேண்டாம் என்ற சொல் நாக்கின் நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் மதி எதிர்த்துப் பேசியிருக்கமாட்டாள். எதிர்த்துப் பேசும் முன் மனதில் ஒருமுறை சரிபார்த்திருப்பாள், பிறகு பேசாமலே இருந்திருப்பாள். அடுத்த இரண்டு ஆண்டும் கூடத்தில், என் எதிரில், பேசாமல் படித்துக்கொண்டிருந்திருப்பாள்.

"போகட்டும்" என்றேன்.

"நெசமாவா அத்தான்?"

"பெயின்ட் அடிங்க."

மதி மூச்சு வாங்கியபடி மேசைக்கு வந்தாள். வடிவு அவள் காதில் சொன்னாள். அவள் முகம் மலர்ந்தது. யாரை முதலில் பார்க்கிறாள் என்று கவனித்தேன், கவனிக்காமல் இருக்க என்னால் முடியாது. முதலில் சித்தப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவை. பிறகு என்னை. என்னைத்தான் அதிக நேரம் பார்த்தாள் என்று கோமதி பின்னர் சொன்னாள். வரிசையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூனில் தேர்வு முடிவு வந்தது. கேம்ப் பக்கத்துக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ரயிலில் அழைத்துக்கொண்டு போய் விடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அன்று நல்ல மழை. செந்தில் வெள்ளைக் காரோடு வந்து நின்றார். "அண்ணா, நனஞ்சுக்கிட்டு எதுக்குங்க" என்றார். பெட்டி, மெத்தை, மேசை விளக்கு எல்லாம் அதில் ஏறின. எனக்கும் இடமிருந்தது. வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போனபின் கூடத்தில் போய் நின்றேன். ஆட எவ்வளவு இடம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் மதி வருவாள். கல்லூரி நன்றாக இருக்கிறது என்பாள், கேன்டீனில் பாவ் பாஜி நன்றாக இருக்கிறது என்பாள், கோமதி மடியில் தலைவைத்துத் தூங்குவாள். சித்தப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டால் சிரிப்பாள். என்ன சிரிப்பு என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அது ஓரல்ஸ்.

கணபதிப் பண்டிகை முடிந்த வாரத்தில் ஒருநாள் செந்தில் தொலைபேசியில் அழைத்தார். பண்டிகை விசாரிப்பெல்லாம் முடிந்தபின் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணா, உங்க பொண்ணோட பெரிய ரோதனையாப் போச்சுங்க."

எனக்குத் திக்கென்றது. "என்ன செய்தாள்?"

"சோறு திங்க விடமாட்டேங்கறா. வாயத் தெறந்தாத் திருத்தறா. நேத்து சும்மா நெலாகிட்ட, சிங்ககட் கோட்டையச் சிவாஜிதான் கட்டினாருன்னு சொல்லிப்போட்டேன். இவ தட்டைத் தள்ளி வெச்சுட்டு, இல்ல சித்தப்பா, அது அவருக்கு முன்னாடியே இருக்குது, கொண்டாணான்னு பேருன்னு அரைமணி நேரம் கிளாஸ் எடுக்கறா. வடிவு சொல்றா, இதுக்கு அத்தானையே கூட்டிட்டு வந்து வெச்சிருக்கலாமாம்."

"கோட்டை விஷயத்தில் அவள் சொன்னது சரிதான்" என்றேன்.

"தெரியுமுங்கண்ணா, நீங்க அதைத்தான் சொல்லுவீங்கன்னு" என்று சிரித்தபடி அவர் தொலைபேசியை வைத்தார்.

கோமதியிடம் கேட்டேன். தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். வடிவு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். மதியிடம் நான் கேட்கவில்லை. இந்தச் செய்தியைச் சொன்னவர் செந்தில் ஒருவர்தான். அவர் சொல்லும் பத்தில் ஏழு தவறு, மனிதர்களைச் சந்தோஷப்படுத்த எதையும் சொல்லக்கூடியவர். எனவே என் மகள் கோந்த்வாவில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சித்தப்பாவைத் திருத்துகிறாள் என்பது, இதை எழுதும் நாள்வரை, சரிபார்க்கப்படாத தகவல்.